சர்வீஸ் புத்தகத்தில் இல்லாத பக்கத்தைக் கேட்டு மூன்றாவது ஓனர் எழுதும் மடல்

அதிவேக சொகுசு செடான் செய்யும் கம்பெனிகளின் இன்ஜினியர்களுக்கும், அவர்கள் எழுதிக் கொடுப்பதைச் சுருக்கி சர்வீஸ் புத்தகமாக அச்சடிப்பவர்களுக்கும்,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் ஷோரூம் பக்கம் நான் வந்ததே கிடையாது. ஒருவர் ஆசையாகப் புதிதாக வாங்கி, வாரண்டி முடிகிற நேரத்தில் கைமாற்றிவிட, அதை வாங்கிய இன்னொருவர் சில வருடங்களில் அலுத்துப்போய் விற்க, பத்து வயதில் அந்த வண்டியை வாங்கியவன் நான். இரட்டை டர்போ வைத்த எட்டு சிலிண்டர் இன்ஜின், நான்கு கதவு, இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ரப்பர் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், கிட்டத்தட்ட இரண்டு டன் எடை. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. படிக்கிற ஒவ்வொருவரும் ‘நம்ம வண்டியாக இருக்குமோ’ என்று கொஞ்சம் யோசித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

வண்டி அருமை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலிச் சாலையில் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது, அதே வண்டியின் பின் சீட்டில் அம்மா அலுங்காமல் தூங்கிக்கொண்டு வருகிறார். இந்த இரண்டையும் ஒரே வண்டியில் செய்துகாட்டியவர்கள் நீங்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத மனசு வருகிறது.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிறான் என்று நினைத்துவிட வேண்டாம். பத்து வருடத்தில் வண்டியின் விலைதான் சரியும், அதன் பிரேக் டிஸ்க்கும் டயரும் குலுக்கலை அடக்கும் டேம்பரும் வண்டிக்கு வயதாகிவிட்டதே என்று விலையைக் குறைத்துக்கொள்ளாது என்பது தெரிந்துதான் வாங்கினேன். வண்டிக்குக் கொடுத்த தொகையில் பாதியை ரிப்பேருக்கென்று தனியாகவே எடுத்து வைத்திருந்தேன் (அது எவ்வளவு நாள் தாங்கியது என்பது வேறு கதை). பாகம் விலை அதிகம் என்பது என் புகாரே இல்லை.

என் புகார் சர்வீஸ் புத்தகத்தைப் பற்றியது. நான் வாங்கும்போது எல்லாப் பக்கத்திலும் முத்திரை இருந்தது, ஒரு சர்வீஸ்கூட விட்டுப்போகவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய ஜாதகப் பொருத்தம் கிடையாது, நானும் அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். வாங்கி நான்காவது மாதம், காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகையில் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல ஒரு உதறல். மெக்கானிக் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். எண்ணெய் கருத்துப்போயிருந்தது, தட்டிலிருந்த காந்தங்களில் இரும்புத்தூள் மை போல அப்பியிருந்தது. ஓடியிருந்தது 1,30,000 கி.மீ. ஒரு தடவைகூட அந்த எண்ணெய் மாற்றப்படவில்லை.

“யாரும் தப்புப் பண்ணலை சார், புத்தகத்துல இருந்ததை ஒண்ணு விடாம பண்ணியிருக்காங்க. இது புத்தகத்துலயே இல்லை” என்றார் அவர்.

உண்மைதான். கியர்பாக்ஸ் எண்ணெய் வாழ்நாள் முழுக்கப் போதும் என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள். யாருடைய வாழ்நாள் என்றுதான் எழுதவில்லை. உங்களில் பலருக்கு ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் கம்பெனி, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. செய்தவர் மாற்று என்கிறார், வாங்கிப் பொருத்தியவர் வேண்டாம் என்கிறார், நடுவில் நான். அதைவிட வேடிக்கை, அந்தத் தட்டின் அடியில் எண்ணெயை வடிக்க ஒரு திருகு இருக்கிறது. வாழ்நாளுக்கும் மாற்றவே வேண்டாத எண்ணெய்க்கு வடிகால் திருகு எதற்கு? அதை வரைந்த இன்ஜினியருக்குத் தெரியும், அவரைப் புத்தகம் எழுத விடவில்லை, அவ்வளவுதான்.

இன்ஜின் ஆயிலிலும் இதே கதை. 30,000 கி.மீ. அல்லது இரண்டு வருடம் என்ற இடைவெளி, லீசில் எடுத்து மூன்று வருடத்தில் திருப்பித் தரும் முதல் ஓனரின் செலவுக் கணக்கில் அழகாகத் தெரியும். இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே டர்போவை வைத்து, அந்த வெக்கையிலேயே வேகிற இன்ஜினுக்கு அது எப்படிப் பொருந்தும்? அப்படி டர்போவை நடுவில் வைத்த, என்63 என்ற தன் எட்டு சிலிண்டர் இன்ஜினுக்கு, 2014 கடைசியில் அமெரிக்காவில் பிஎம்டபிள்யூ தனியாக ஒரு பராமரிப்புத் திட்டமே கொண்டுவந்து, ஆயில் மாற்றும் இடைவெளியையும் குறைத்தது. அந்த இன்ஜின் வெளிவந்தது 2008-ல். நடுவில் புத்தகத்தை நம்பி ஓட்டியவர்களை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, வண்டிக்குத் தெரிந்ததை எங்களிடம் சொல்லாமல் இருப்பது. மெர்சிடிஸின் டபிள்யூ211 தலைமுறை இ-கிளாஸில் முதலில் வந்த எஸ்பிசி என்ற மின்னணு பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் எத்தனை முறை மிதிக்கப்பட்டது என்று அந்த யூனிட் தானே எண்ணி வைத்துக்கொள்ளும், எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் எச்சரிக்கை காட்டும். அதே இ-கிளாஸின் அதிவேக வடிவமான இ55 ஏஎம்ஜியைப் பழையதாக வாங்கப் போகிறவருக்கு ஓடோமீட்டரைவிட அந்த எண்தான் முக்கியம். ஆனால் டயக்னாஸ்டிக் கருவி இல்லாமல் அதைப் பார்க்க வழியில்லை. பேட்டரி மாற்றினால்கூட அதை வண்டியிடம் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் முறையை அதன் வயதுக்கேற்ப மாற்றுவது நல்ல யோசனைதான், நான் மறுக்கவில்லை. ‘புது பேட்டரி வைத்தாயிற்று’ என்று சொல்ல திரையில் ஒரு பொத்தான் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இதையெல்லாம் செய்யத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். 1998-ல் வந்த பிஎம்டபிள்யூ இ39 எம்5 வண்டியில், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரைப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மேல் ஆர்பிஎம் பகுதியில் சின்ன விளக்குகள் எரியும், ஆயில் சூடாக ஆக ஒவ்வொன்றாக அணையும். ‘இப்போதைக்கு இதற்கு மேல் போகாதே’ என்று அர்த்தம். முதல் ஓனருக்கும் அதே விளக்கு, பதினைந்தாவது வருடத்தில் வாங்கியவனுக்கும் அதே விளக்கு. ஷோரூமுக்கு ஓட வேண்டாம், கருவி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். நான் கேட்பது இந்த மாதிரி நேர்மையைத்தான்.

ஏர் சஸ்பென்ஷனையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு நாள் காலை வெளியே வந்து பார்த்தால், வண்டி முன் இடது காலை மடக்கிய மாடு போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஏர் ஸ்பிரிங்கின் ரப்பரில் வெடிப்பு. ரப்பருக்கு வயதானால் வெடிக்கத்தான் செய்யும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்னக் கசிவை ஈடுகட்ட, காற்றடிக்கும் கம்ப்ரஸர் மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடியிருக்கிறது, கடைசியில் அதுவும் தீய்ந்துபோனது. வழக்கத்தைவிட எத்தனை மடங்கு நேரம் கம்ப்ரஸர் ஓடுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா? டயரில் காற்று கொஞ்சம் குறைந்தால் உடனே விளக்கு போட்டுக் கூப்பாடு போடுகிறதே. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் போகும் பிளாஸ்டிக் குழாய்களைப் பற்றி ஒரே வரி: பாகம் உள்ளங்கை அளவு, அதைத் தொட இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மொத்தத்தையும் கழற்ற வேண்டும், தயவுசெய்து உலோகத்தில் செய்யுங்கள்.

சரி, எனக்கு என்ன வேண்டும்? வண்டி எட்டு வயதைத் தாண்டினாலோ, ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டினாலோ என்னென்ன பார்க்க வேண்டும், என்னென்ன மாற்ற வேண்டும் என்று அதே புத்தகத்தில் இன்னொரு பக்கம். கியர்பாக்ஸ் எண்ணெய், டிஃபரன்ஷியல் எண்ணெய், கூலன்ட் குழாய், ஏர் ஸ்பிரிங், இன்ஜின் மவுன்ட், இன்ஜினைப் பொறுத்து கனெக்டிங் ராடு பேரிங். இந்தப் பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன், எந்தப் பாகம் எந்த வயதில் அதிகம் விற்கிறது என்பது உங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கிலேயே தெரிந்துவிடுமே. அப்படி ஒரு பக்கம் வந்தால் பழைய வண்டியின் மதிப்பு விழும் என்று உங்கள் விற்பனைப் பிரிவு பயப்படும். வெடித்த கியர்பாக்ஸோடு ஓரமாக நிற்கும் வண்டியின் மதிப்பு என்னவென்றும் அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.

நான் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றிவிட்டேன், ஃபில்ட்டர் அந்தத் தட்டோடு சேர்ந்தே வருகிறது, அதையும் சேர்த்து. உதறல் முக்கால்வாசி போய்விட்டது. மீதி கால்வாசி குளிர்காலத்தில் எட்டிப்பார்க்கிறது. எது எப்போது மாற்றினேன், என்ன சத்தம் வந்தது, எதனால் நின்றது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி, உங்கள் தோல் அட்டை போட்ட புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நான்காவது ஓனர் வந்தால் அவருக்கு இரண்டையும் கொடுப்பேன். நீங்கள் அந்தப் பக்கத்தை அச்சடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, பிடிஎஃப் போதும், என் செலவில் பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கில் இல்லாத மூன்றாவது ஓனர்