ரப்பர் பால் வெட்டுற அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அடிமுறைத் தற்காப்புக் கலை படிக்க என் களரிக்கு வரும் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பும் வீட்டாருக்கும், அருமனை ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழையில் எனக்குக் காலில் அடிபட்டதை மறுபடி விரித்து எழுத வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேர் அன்று அங்கேயே நின்றீர்கள். காலில் கட்டுப் பிரித்து பத்து நாள் ஆகிறது. வருஷம் முடிவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

கொட்டுகிற மழையில் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்டோ தம்பிமார், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவர்கள், களரிக்குத் தார்ப்பாய் கட்டியவர்கள், ஏத்தன் வாழைக்குலையும் பயறும் கஞ்சியுமாக வந்துகொண்டே இருந்த வீட்டார், கேரள எல்லை தாண்டி பனச்சமூடு வழியாக வந்து பார்த்துப்போன வெள்ளறடைப் பிள்ளைகள்... ஒருவரையும் மறக்கவில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றும் உண்டு. படுத்துக்கிடந்த நாட்களில் களரியை மூடிவிடலாம் என்று முடிவு பண்ணியிருந்தேன். கால் மட்டும் காரணம் இல்லை, ரொம்ப நாளாகவே மனசை அரித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பத்தைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சர்டிபிகேட் கிடைக்குமா ஆசானே?" என்றுதான். அடிமுறையில் ஒரு சுவடு, அதாவது கால்வைப்பு முறை, காலில் படியவே மாதக்கணக்காகும். உடம்பின் வர்மப் புள்ளிகளில் தொடுவர்மம் 96, படுவர்மம் 12 என்று என் ஆசான் வாய்ப்பாடமாகத் தந்ததை உட்கார்ந்து கேட்க இனி யார் வருவார்கள், யாருக்கு இது வேண்டும் என்று விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு அக்கா போன் பண்ணினார். சாயங்கால வகுப்புக்கு வருகிறவர், ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ஆசானே, ஒரு காரியம் காட்டணும். நாளைக்குக் காலத்தே தோட்டத்துக்கு வருவியளா?"

மகன் பைக்கில் கொண்டுவிட்டான். விடிய இன்னும் நேரம் இருந்தது, நல்ல பனி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அவர்களுக்கு அந்த இருட்டுதான் வேலை நேரம். அக்கா தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றார். "முன்னாடி நான் இப்படித்தான் வெட்டுவேன்" என்று கால்முட்டு மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துக் காட்டினார். "இப்போ பாருங்க."

முட்டு மடங்கியது. உடம்பு நேராகக் கீழே அமர்ந்தது. கத்தி இடமிருந்து வலமாகப் பட்டையில் சரிந்து இறங்க, அதோடு சேர்ந்து பின்காலில் இருந்த எடை முன்காலுக்கு வந்தது. மரத்தைச் சுற்றி அரை வட்டம், இரண்டே எட்டு. சீவிய பட்டை சுருளாக விழுந்தது, பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. நான் சொல்லித்தந்த ஒற்றைச் சுவடு அது. யாரும் சொல்லாமல் தானாகவே அதை மரத்துக்குப் பொருத்தியிருக்கிறார்!

"முந்நூறு மரம் முடிக்கதுக்குள்ள இடுப்பு பிடிச்சுக்கும். இப்போ ராத்திரி திரும்பிப் படுக்க முடியுது. நீங்க சொல்லித்தந்தது இங்கதான் கெடக்கு, ஆசானே." அவ்வளவுதான் சொன்னார். பிளாஸ்கிலிருந்து கட்டன்சாயா ஊற்றித் தந்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆசான் கற்றுத்தந்ததை அப்படியே பிள்ளைகளிடம் சேர்ப்பதுதான் என் வேலை என்று இருபது வருஷமாக நினைத்திருந்தேன். கற்றுக்கொண்டவர் அதை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அக்கா, நீங்கள் கூப்பிடாவிட்டால் இதை அறியாமலே களரியைப் பூட்டியிருப்பேன்.

களரி மூடாது. தை பிறந்ததும் பழைய வகுப்புகள் தொடங்கும். அதோடு பால்வெட்டுக்காரர்களுக்கென்று சாயங்காலம் 4 மணிக்குத் தனி வகுப்பு, கட்டணம் கிடையாது. முதல் நாள் பாடம் அக்கா எடுப்பார், கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். வருகிறவர்கள் தோட்டத்துக்குப் போடுகிற அதே உடுப்பில் வாருங்கள், கத்தியும் கொண்டுவாருங்கள். களரி முற்றத்து ரப்பர் மரத்தை அன்றைக்குப் பால் வெட்டாமல் விட்டுவைக்கிறேன்.