குழைய வெந்தால்தான் ஆறினாலும் ருசி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சேலம் வெயிலில் அடுப்படியில் நிற்க முடியவில்லை, பேரப் பிள்ளைகள் சோற்றைக் கண்டாலே ஓடுகிறார்கள், ஜில் பாஸ்தா சாலட் எப்படிச் செய்வதென்று சொல் என்று எழுதியிருக்கிறாய். அதெல்லாம் சரி, மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதக் கூடாதா? எனக்கு அந்தக் கவலைதான்.

இங்கே ஏற்காட்டில் போன மாத மழைக்குக் காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்தன. இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே மல்லிகை வாசம். நீ இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நீ கேட்ட ஜில் பாஸ்தா சாலட்டுக்கு வருகிறேன். முதல் தடவை செய்தபோது பாக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் ஒவ்வொன்றும் ரப்பர். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் வேக நேரமாகும். அதோடு, ஆறிய மாவுப் பண்டம் எதுவானாலும் இறுகும். தயிர் சாதத்துக்குச் சோற்றைக் குழைய விடுகிறோமே, அதே கணக்குதான். உன் ஊரில் பாக்கெட் நேரத்துக்கு மேல் இரண்டு நிமிடம் விடு, போதும். நான் நாலைந்து நிமிடம் விடுகிறேன். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது, பல்லில் ஒட்டவும் கூடாது.

சுருள் பாஸ்தா 250 கிராமுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். உப்பைத் தாராளமாகப் போடு, பிறகு சேர்த்தால் உள்ளே இறங்காது. வடித்ததும் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் மிளகுத் தூளும் பிசிறிவிடு. மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு சாறு. ஆலிவ் எண்ணெய்தான் வேண்டுமென்பதில்லை, செக்குக் கடலை எண்ணெய் எனக்குப் பிடித்திருக்கிறது. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், அதன் வாசம் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

காய்க்கு உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடு. வெள்ளரியை நறுக்கி உப்பு தூவிக் கால் மணி நேரம் வடிகட்டியில் போட்டால் அடியில் அரை டம்ளர் தண்ணீர் நிற்கும். அதைச் செய்யாமல் விட்டால் அந்தத் தண்ணீர் முழுக்கச் சாலட்டில்தான் இறங்கும். தக்காளியில் விதையை எடுத்துவிடு. குடைமிளகாய், சின்ன வெங்காயம், கொத்துமல்லி. உன் ஊரில் இரண்டு தட்டைக்கு நடுவில் காய்த் துருவல் வைத்துத் தருவார்களே, அந்தத் தட்டுவடை செட்டுக்குத் துருவுகிற மாதிரி கேரட்டைத் துருவு. பீட்ரூட் வேண்டாம், எல்லாம் சிவந்துவிடும். கடைசியில் மாங்காயைப் பொடிப்பொடியாக நறுக்கிச் சேர்ப்பேன். அந்தப் புளிப்புக்காகவே என் பேத்தி கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறாள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஒரு வாய் ருசி பார். ஜில்லென்று இருக்கும்போது உப்பும் புளிப்பும் நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும், இன்னும் ஒரு சிட்டிகை, அரை மூடி எலுமிச்சை தேவைப்படும். உன் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே.

கொண்டை ஊசி வளைவு இருபதுக்கும் பயந்துகொண்டு வராமல் இருந்துவிடாதே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலையிலேயே பஸ் ஏறு. வரும்போது நல்ல கிளிமூக்கு மாங்காய் நாலு வாங்கி வா. மற்றதெல்லாம் வீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் ரூம்மேட்