கோத்தார்ட் சுரங்கத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

கடந்த கோடை விடுமுறையில் சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் வீதிச் சுரங்கத்துக்குள் எங்கள் குடும்பத்துக்கு உதவிய எல்லோருக்கும் நன்றி. பலருடைய பெயர்கூடத் தெரியாது, அதனால் பொதுவில் எழுதுகிறோம்.

முன்னால் போன வான் ஒன்றிலிருந்து புகை கிளம்பியதும் இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றுவிட்டன. ஒரு லொறிச் சாரதி இறங்கி ஓடிவந்து ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் தட்டி, பச்சை விளக்கு எரிந்த கதவைக் காட்டினார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், வேகமாக நடக்கமாட்டா. அந்த அண்ணா ஒரு பக்கமும் பின்காரில் வந்த பெண் மறுபக்கமும் தாங்கிக் கூட்டிப்போனார்கள். அம்மா உங்கள் இருவருக்காகவும் இன்றும் விளக்கேற்றுகிறா.

கதவுக்குப் பின்னால் இருந்தது பாதுகாப்பு அறை. 16.9 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் ஏறத்தாழ 250 மீட்டருக்கு ஒன்று இருக்கிறது. உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூட என்பதால் புகை நுழையாது. அங்கிருந்து பக்கத்திலுள்ள தப்பும் பாதைக்குப் போகலாம். 2001 ஒக்டோபர் 24 அன்று இதே சுரங்கத்தில் இரண்டு லொறிகள் மோதித் தீப்பற்றி 11 பேர் இறந்தார்கள். அன்று பலர் உயிர் தப்பியது இந்தப் பாதையால்தான். 1980இல் திறந்தபோதே இதையும் சேர்த்துக் கட்டியவர்களை நன்றியோடு நினைக்கிறோம். இப்போது பக்கத்தில் இரண்டாவது சுரங்கக் குழாயைக் குடைந்துகொண்டிருப்பவர்களையும்தான். அது முடிந்து, பழைய குழாயும் புதுப்பிக்கப்பட்டால், ஒரே குழாய்க்குள் வாகனங்கள் எதிரும் புதிருமாக ஓடத் தேவையில்லை.

சுரங்கத்தின் இரு வாசலிலும் இரவு பகலாகக் காத்திருக்கும் தீயணைப்புப் படையினரே, நீங்கள் வந்து சேர்ந்த வேகத்தை நேரில் பார்த்தோம். நெருப்பு பரவுமுன் அணைத்துவிட்டு, பயந்துபோயிருந்த பிள்ளைகளோடு பொறுமையாகப் பேசினீர்களே, அதற்குத் தனி நன்றி.

எங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். விடுமுறைக்கு முன் அவர் நடத்திய வகுப்பில் சொன்னதை மகள் அப்படியே ஒப்புவித்தாள்: "அப்பா, எஞ்சினை நிப்பாட்டுங்கோ, திறப்பை உள்ளேயே விடுங்கோ, பையை எடுக்காதேங்கோ." திறப்பு உள்ளே இருந்தால்தான் மீட்க வருபவர்கள் காரை நகர்த்தலாம். காரைத் திருப்பி ஓட்ட முயலக்கூடாது என்பதும் அங்கே படித்ததுதான்.

அந்த வகுப்பைத் திரும்பவும் நடத்தச் சம்மதித்திருக்கிறார். இந்த முறை தாத்தா பாட்டிமாரையும் கூட்டிவரச் சொல்கிறார். வரவேண்டும், எல்லோரும்.