புகை வரலையேன்னு வந்து பாத்தவருக்கு

எல்லாருக்கும் வணக்கம். என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், மறுபடி அதுக்குள்ள போகல. காட்டுக்குள்ள அந்த மரவீட்டுல 10 நாள் இருந்துட்டு நேத்து ராத்திரிதான் வந்தேன், சட்டையில புகை வாசனை இன்னும் போகல, துவைக்கப் போடறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன்.

சாவியக் கையில திணிச்சு "பேசாம கெளம்பு"ன்னு சொன்ன நண்பன், என் வேலைய பங்கு போட்டுக்கிட்ட ஆபீஸ் ஆளுங்க, பூனையப் பாத்துக்கிட்ட பக்கத்து வீட்டக்கா, முக்கியமா போன் பண்ணாம இருந்தவங்க (அது எவ்ளோ பெரிய உதவின்னு உங்களுக்குத் தெரியாது), எல்லாருக்கும் ஒரு பெரிய கும்பிடு.

ஆனா இந்த லெட்டர் அங்க காவலுக்கு இருக்கற பெரியவருக்குத்தான்.

மொத நாள் ராத்திரி கரண்ட் இல்ல, ஒரு இரும்பு அடுப்புதான், வெளிய கெடந்த கட்டையப் பொறுக்கிட்டு வந்து பத்த வெச்சேன், எல்லாம் ஈரம், வீடு பூரா புகை. கதவத் தொறந்து போட்டுட்டு வாசப்படியில உக்காந்து அழுதேன், புகையினாலயா மத்ததுனாலயான்னு எனக்கே தெரியல. காலைல பாத்தா அதே படியில ஒரு கை வெறகு, மேல சாக்கு போத்தி, பக்கத்துல நார் வெச்சுக் கட்டுன சுள்ளி ஒரு கட்டு. ஆளக் காணோம். அப்புறம் தெனமும் அப்படித்தான்.

நாலாவது நாள்தான் ஆளப் புடிச்சேன். ரெண்டு கட்டைய ஒண்ணோட ஒண்ணு தட்டிக் காட்டுனாரு, காஞ்சதுன்னா டங்குன்னு கேக்கும், ஈரம்னா தொப்புன்னு அமுங்கும், அவ்ளோதான் பாடம். என்ன ஆச்சு, ஏன் தனியா வந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கல.

ஏழாவது நாள் நான் அசந்து தூங்கிட்டேன், பல மாசத்துக்கு அப்புறம் அப்படி ஒரு தூக்கம். சாயங்காலம் பாத்தப்ப சொல்றாரு, "காலைல புகை வரலையேன்னு வந்தேன், கொறட்டை கேட்டுச்சு, போயிட்டேன்." அப்பதான் புரிஞ்சுது, அவரு தெனமும் தூரத்துல நின்னு என் புகைபோக்கியப் பாத்துட்டு இருந்திருக்காரு. நான் யாருமே இல்லாத எடத்துக்கு வந்துட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

பொளந்த வெறகு நல்லா காய ஆறு மாசம், சில மரத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகுமாம். அப்ப நான் எரிச்ச கட்டைய அவரு பொளந்த நேரத்துல எனக்கு இந்தப் பிரச்சனையே இன்னும் வந்திருக்காது! அடுத்த லீவுக்கு அங்க போய் கோடாலி புடிக்கப் பழகி ஒரு அடுக்காவது பொளந்து வெச்சுட்டு வரணும், எவனோ வருவான்ல.

பெரியவர்கிட்ட போன் கெடையாது. சாவி குடுத்தவனே, நீ அடுத்த தடவை போறப்ப இத அவருக்குப் படிச்சுக் காட்டு. கொறட்டை மேட்டர மட்டும் சத்தமா படிக்காத.