கிண்ணம் சொல்வதுதான் சுருதி

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. மாடி ஹாலில் இருபது பேரைப் படுக்க வைத்து ‘சவுண்ட் பாத்’, அதாவது ஒலியில் நனைந்து இளைப்பாறும் நிகழ்ச்சி, நடத்தப் போகிறாய், சந்தோஷம். தட்டினால் நீண்டு ஒலிக்கும் நேபாள உலோகக் கிண்ணம் நான்கு, காங் என்கிற பெரிய தொங்கு தட்டு ஒன்று, லேப்டாப்பில் மின்னொலி எழுப்பும் சிந்தசைசர். சேர்ந்து ஒலித்தால் ஏதோ இடிக்கிறது என்கிறாய். இடிப்பது சுருதி.

வீணைக்கு முறுக்காணி உண்டு, கிண்ணத்துக்கு இல்லை. எலக்ட்ரானிக் பக்கம்தான் இறங்கி வர வேண்டும். பெரிய கிண்ணத்தை மெத்தென்ற கோலால் தட்டி, மூன்று விநாடி பொறுத்து, போனில் சுருதி காட்டும் ட்யூனரைப் பார். தட்டிய உடனே பார்த்தால், அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரத்தைக் காட்டி ஏமாற்றும். 203 ஹெர்ட்ஸ் வருகிறது என்று வைத்துக்கொள். ஐந்து கட்டைச் சுருதி 196, ஐந்தரைக் கட்டை 207.7, இது நடுவில் தொங்குகிறது. சிந்தசைசரை ஐந்தரையிலேயே விட்டால் ஒலி ஏறி இறங்கி, விநாடிக்கு நாலைந்து விம்மல் அடிக்கும். ஐந்தரையிலிருந்து 39 சென்ட் (அரைக் கட்டைக்கு நூறு சென்ட்) இறக்கு, அடங்கிவிடும். ட்யூனர் முள் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கையால் அடித்துச் செய்த கிண்ணம் துல்லியமான வட்டமாக இராது. ஒட்டிய இரண்டு சுரங்களைச் சேர்த்தே ஒலிக்கும். நடுவை எடுத்துக்கொள்.

சுருதி சேர்ந்த பிறகும் உறுத்தினால் காரணம் மேற்சுரம். தம்பூராத் தந்தியில் மேற்சுரங்கள் 2, 3, 4 மடங்கு என்று ஒழுங்காக ஏறும். கிண்ணத்தில் முதல் மேற்சுரமே சுமார் 2.7, 2.8 மடங்கில் நிற்கும். சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நடுவே எங்கேயோ. எந்த ராகத்திலும் ஒட்டாது. அதனால் எலக்ட்ரானிக் தம்பூராவையோ சிந்தசைசரின் பளபளப்பான ‘பேட்’ என்கிற நீள் ஒலியையோ அதன்மேல் ஏற்றாதே. மேற்சுரமே இல்லாத வெறும் சைன் அலையில் 203, கீழ் ஸ்தாயியில் 101.5, மிக மெல்ல 304.5இல் பஞ்சமம், இவ்வளவுதான். ஃபில்டரை 400 ஹெர்ட்ஸுக்கு மேல் மூடு. ஒலி எழும் நேரம் (அட்டாக்) ஆறு விநாடி, அடங்கும் நேரம் (ரிலீஸ்) பன்னிரண்டு. ரிவெர்பில், அதாவது எதிரொலியில், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டாவிட்டால் எல்லாம் கூழாகிவிடும்.

பைனாரல் பீட்ஸ் கேட்டிருந்தாய். இரண்டு காதுக்கும் தனித்தனிச் சுரம் போனால்தான் அது பைனாரல். அதற்கு ஹெட்போன் வேண்டும். ஸ்பீக்கரில் விட்டால் காற்றிலேயே கலந்து சாதாரண விம்மலாகிவிடும். 432 ஹெர்ட்ஸ் சுருதி உடம்புக்கு நல்லது என்கிற மகிமையையும் நோட்டீஸில் போடாதே. உன் கிண்ணமே 203இல் நிற்கிறது!

இருபது பேர் ஹாலுக்குக் கிண்ணத்துக்கு மைக் தேவையில்லை. சிந்தசைசரைச் சரியாகச் சேர்த்துவிட்டால், பக்கத்தில் இருக்கிற கிண்ணம் தட்டாமலே முனகும், கேட்க அழகு. அதன் முன்னே மைக்கும் இருந்தால் அந்தச் சுரத்திலேயே ஊளையிடும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். ஒலி மிகவும் தாழ்ந்தால் சில ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடும், இல்லையென்றால் எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் ‘பேட்டரி லோ’ என்று பேசும். ஒயர் போட்டு, ஆறு அங்குலத்துக்குக் குறையாத வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வை. சார்ஜர் மாட்டினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வரலாம், லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டு. சீலிங் ஃபேனைக் கட்டாயம் நிறுத்து: றெக்கை நீளமான ஒலியை நறுக்கி நடுங்க வைக்கும். முன்கூட்டியே ஹாலைக் குளிர வைத்துவிடு. அசையாமல் படுத்தால் உடம்பு சில்லிடும், போர்வை கொடு.

காங்கை எடுத்த எடுப்பில் ஓங்கி அடித்தால் தகரம் மாதிரி வெடிக்கும். கேட்டும் கேட்காமலும் பத்துப் பதினைந்து தட்டு தட்டித் தகட்டை விழிக்கச் செய்த பிறகு அடி. இரண்டு மீட்டருக்குள் யார் தலையும் வேண்டாம். தலைமாட்டில் 60, 65 டெசிபல் போதும். நம் ஊர்ச் சேகண்டியைச் சேர்க்கலாமா என்றாயே, கூடவே சங்கும் எடுத்துவிடாதே. படுத்திருப்பவர்களுக்கு வேறு ஞாபகம் வரும்.

நாற்பது நிமிடம் என்றால் முதல் ஐந்து சிந்தசைசர் மட்டும், பிறகு கிண்ணம் இருபத்திரண்டு, காங் ஐந்து, கடைசியில் சிந்தசைசரை மூன்று நிமிடத்தில் இறக்கி, மிச்சம் மௌனம். பட்டென்று அணைத்தால் அத்தனை பேரும் திடுக்கிட்டு எழுவார்கள். வலிப்பு, பேஸ்மேக்கர், கர்ப்பம் இருக்கிறதா என்று பதிவின்போதே கேள். இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

நான்கு கிண்ணத்துக்கும் ட்யூனர் என்ன காட்டுகிறது என்று எழுது. ஒன்றுக்கொன்று 10 ஹெர்ட்ஸுக்குள் நெருங்கி நிற்கிற ஜோடி இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிடலாம்.

அன்புடன்,
சேகர்