பலெர்மோவுக்கு வெளிக்கிடும் மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

நீயும் மருமகனும் செப்டெம்பர் கடைசி வாரம் இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்குப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல காலமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்த நாட்களில் பகல் வெயில் 26, 27 பாகையில் நிற்கும். கோடை முழுக்கச் சூடேறிய கடல் கெதியில் ஆறாது, தண்ணீர் 24, 25 பாகையில் இருக்கும். பின்னேரம் ஏழு மணியளவில் இருட்டிவிடும்.

அந்த ஊரில் எதற்கும் ஒரு நேரம் உண்டு. போய் வந்தவர்கள் சொல்லும் முறைப்பாடுகளில் முக்கால்வாசி நேரம் பிழைத்ததால் வருவதுதான். ஆகவே எங்கே போவது என்பதைவிட எத்தனை மணிக்குப் போவது என்பதைக் கூடுதலாக எழுதுகிறேன்.

முதலில் ரிக்கற். விமானம் எந்த நிலையத்தில் இறங்குகிறது என்று வடிவாகப் பார். மலிவு விமானங்கள் சில திராப்பானியில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து பலெர்மோ நூறு கிலோமீற்றர் அளவில். கத்தானியா நகரமோ சிசிலித் தீவின் மற்றக் கரையில், பஸ்ஸில் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம். மிச்சம் பிடித்த காசு வழியிலேயே போய்விடும். கடவுச்சீட்டையும் இப்போதே எடுத்துப் பார். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இத்தாலிக்குள் நுழையும் நாளில் பத்து வருடத்துக்குக் குறைந்த வயதாக இருக்க வேண்டும், நீங்கள் திரும்பும் நாளில் இருந்து இன்னும் மூன்று மாதம் செல்ல வேண்டும். முடிவுத் திகதியை மட்டும் பார்த்துவிட்டு, கொடுத்த திகதியைப் பார்க்காமல் போகிறவர்களை லண்டனிலேயே மறித்து அனுப்புகிறார்கள்.

பலெர்மோ விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே 35 கிலோமீற்றரில். ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். பொலித்தேயாமா நாடக அரங்கடியிலும் நிற்கும், மத்திய ரயில் நிலையத்திலும் நிற்கும். கபாச்சியைக் கடக்கும்போது நெடுஞ்சாலையின் இரு பக்கமும் சிவப்புத் தூண்கள் தெரியும். 1992 மே 23 இல் நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயை மாஃபியா குண்டு வைத்துக் கொன்ற இடம் அது. விமான நிலையத்துக்கே அவருடைய பெயரும், அதே வருடம் யூலையில் கொல்லப்பட்ட நீதிபதி பவோலோ போர்செல்லீனோவின் பெயரும்தான். இரவில் பிந்தி இறங்கினால் ரக்சியில் ஏற முதல் விலையைப் பேசிக்கொள்.

வாடகைக் கார் எடுக்காதே. பழைய நகரத்துக்குள் அனுமதி இல்லாத வாகனம் நுழைந்தால் கமரா இலக்கத்தைப் படம் பிடிக்கும். தண்டம் வாடகைக் கம்பனி வழியாக மாதக் கணக்கில் கழித்து லண்டனுக்கு வரும், அதற்கு மேல் கம்பனி தன் கட்டணத்தையும் சேர்த்து எடுக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் நடை தூரத்தில்தான். தங்குவதற்குக் கால்சா பக்கம் நல்லது, பொலித்தேயாமாவைச் சுற்றியும் நல்லது. வுச்சிரியாவுக்கு மேலே மட்டும் அறை எடுக்காதே. பகலில் பார்த்தால் அமைதியான சந்தை மாதிரி இருக்கும், இரவு இரண்டு மூன்று மணி வரைக்கும் பாட்டும் கூச்சலும். பழைய மாளிகைகளில் நாலாம் மாடி என்றால் மின்தூக்கி இருக்கிறதா என்று எழுதிக் கேள். நகரத்து வரி என்று தலைக்குக் கொஞ்சக் காசு தங்குமிடத்திலேயே கேட்பார்கள், சில்லறை வைத்திரு. மின்சாரத்துக்கு மெல்லிய இரண்டு முள் செருகி கொண்டு போ. ஜேர்மன்காரரின் தடித்த செருகி அங்கத்தைய பழைய சுவர்த் துளைகளுக்குள் இறங்காது.

இனி நாளை எப்படி வெட்டுவது என்று பார். காலையில் கட்டடங்கள். ஒன்றில் இருந்து நாலு வரைக்கும் கோயில்களும் சின்னக் கடைகளும் பூட்டு. அந்த நேரம் சாப்பாடு, நித்திரை அல்லது கடல். பின்னேரம் தெரு.

நோர்மன் அரண்மனைக்கு வெள்ளி முதல் திங்கள் வரை ஒரு நாள் பார்த்துப் போ. சிசிலியின் சட்டசபை அதே கட்டடத்தில்தான் கூடுகிறது. செவ்வாய், புதன், வியாழனில் அரச அறைகளைப் பூட்டிவிடுவார்கள், உள்ளே இருக்கும் சிற்றாலயம் மட்டும் திறந்திருக்கும். ஞாயிறு காலையில் சிற்றாலயத்தில் பூசை, அந்த நேரம் பார்வையாளரை விடார்கள். ஆகவே வெள்ளி அல்லது திங்கள், கதவு திறக்கும்போதே. பத்து மணிக்குக் கப்பல் பயணிகள் வந்து இறங்கினால் உள்ளே தலைதான் தெரியும்.

அந்தச் சிற்றாலயத்தை இரண்டாம் ரொஜர் மன்னன் கட்டுவித்தான், 1140 இல் அபிஷேகம் ஆனது. எல்லாரும் பொன் பதித்த கிரேக்கச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். நீங்கள் கழுத்தை நிமிர்த்தி மரக்கூரையைப் பாருங்கள். தேன்கூடு மாதிரிக் குடைந்து தொங்கும் அந்த மரத்தில் அரபுக் கைவினைஞர் பாட்டுக்காரர், குடிப்பவர், சதுரங்கம் ஆடுகிறவர் என்று தீட்டியிருக்கிறார்கள். கிறிஸ்தவ மன்னன் செபம் பண்ணிய இடத்துக் கூரையில் இப்படி! வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும், சின்னத் தொலைநோக்கி ஒன்று கொண்டு போ. வெளியே வரும்போது சுவரில் பதித்த ஒரு கல்லையும் தேடு. 1142 இல் மன்னன் செய்வித்த நீர்க் கடிகாரத்தைப் பற்றி இலத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் வெட்டியிருக்கிறது. என் கணக்கில் அந்த ஒரு கல் போதும், அந்த அரசு எப்படி நடந்தது என்று விளங்க.

பக்கத்து மலையூரான மொன்ரெயாலேக்கு இந்திப்பெந்தென்சா சதுக்கத்தில் இருந்து 389 இலக்க பஸ். அதுவும் காலையில்தான், மதியம் பூட்டு. தோள் மூடிய உடுப்பு வேண்டும். பேராலயத்துக்குள் ஆறாயிரம் சதுர மீற்றருக்கு மேல் பொன் பதிப்பு, பக்கத்து முற்றத்தில் இரட்டை இரட்டையாக நிற்கும் 228 தூண்கள். முற்றத்துக்குத் தனி ரிக்கற். காசைப் பார்க்காதே, தூண் தலைகளில் செதுக்கிய உருவங்களுக்கே ஒரு மணித்தியாலம் போகும்.

நகர பஸ்ஸுக்கு ரிக்கற்றை முன்கூட்டியே, வாசலில் பெரிய 'ரி' (T) எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் வாங்கு. ஏறியவுடன் இயந்திரத்தில் குத்த வேண்டும். குத்தாத ரிக்கற் கையில் இருந்தாலும் பரிசோதகர் தண்டம் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைகளில் கனக்கப் பூட்டியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வை.

ஞாயிறு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பெல்லெகிரினோ மலைக்கு ஞாயிறு போ. புனித ரொசாலியாவின் எலும்புகள் 1624 இல், கொள்ளைநோய்க் காலத்தில், அந்த மலைக் குகையில் கண்டெடுக்கப்பட்டவை. அவற்றை ஊர்வலமாகக் கொண்டு போன பிறகு நோய் நின்றது என்று பலெர்மோ நம்புகிறது. இப்போது அவை கீழே நகரப் பேராலயத்தில் வெள்ளிப் பேழையில் இருக்கின்றன. பலெர்மோவில் இருக்கும் எங்கள் ஆட்கள், சைவர் கத்தோலிக்கர் வித்தியாசமில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவது வழக்கம். குகைக்குள் மெழுகுதிரியோடு தமிழ்க் கதையும் கேட்கும். மேலே பார்த்தால் பாறையின் கீழ் துத்தநாகத் தகட்டுப் பீலிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பாறையில் இருந்து வருடம் முழுக்கத் தண்ணீர் கசியும். அது கும்பிடுகிறவர்கள் தலையில் விழாமல் ஓரத்துக்குக் கொண்டு போகத்தான் அந்த ஏற்பாடு. உள்ளே குளிர், மெல்லிய சால்வை ஒன்று வேண்டும்.

பொலித்தேயாமாவுக்குக் கிட்ட இருந்து 812 பஸ் மேலே போகும். ஏறும்போது பஸ், இறங்கும்போது பழைய கல் வழியால் நடை. நாலு கிலோமீற்றர் அளவு. மழைக்குப் பிறகு நடக்காதே, கல் வழுக்கும், சில வேளை பாறை உருளும் என்று வழியையே மூடிவிடுவார்கள்.

மருமகன் சைவம் என்பதால் சாப்பாட்டில் நாலு இடத்தில் கவனம். ஸ்ஃபின்ச்சோனே என்கிற தடித்த ரொட்டியில் தக்காளியும் வெங்காயமும்தான் கண்ணுக்குத் தெரியும், உள்ளே நெத்தலி மாதிரிச் சின்ன மீன் கரைந்து கிடக்கும். அரஞ்சீனா என்கிற பொரித்த சோற்று உருண்டையில் பட்டர் போட்டது என்று சொல்லித் தருவதற்குள் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கீரை வைத்ததைக் கேள். கனோலி என்கிற குழல் இனிப்பின் ஓட்டுக்கு மா பிசைவதும் பொரிப்பதும் பழைய முறையில் பன்றிக் கொழுப்பில், கேட்டுத்தான் வாங்க வேண்டும். 'வெஜெத்தாரியானோ' என்று மட்டும் சொன்னால் மீன் பரவாயில்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. 'சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷே' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லட்டும், இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று.

பயமில்லாமல் சாப்பிடக் கூடியது பனெல்லே. கடலை மாவை உப்பும் தண்ணீரும் விட்டுக் களி மாதிரிக் கிண்டி, பார்ஸ்லி இலை போட்டு, மெல்லிசாகப் பரவி ஆறவிட்டு, துண்டு துண்டாக வெட்டிப் பொரிக்கிறது. எள்ளுப் போட்ட பாணுக்குள் நாலைந்து துண்டு வைத்து, தேசிப்புளி பிழிந்து தருவார்கள். பொரித்த கையோடு சாப்பிட வேண்டும், பத்து நிமிடம் போனால் தோல் மாதிரி இழுபடும். அதனால் தட்டில் குவித்து வைத்திருக்கும் கடையை விட்டு, சட்டி கொதிக்கும் கடைக்குப் போ. அதே எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்றும் ஒரு கண் பார்த்துக்கொள். கத்தரிக்காயும் ஒலிவும் வினாகிரியும் சீனியும் சேர்ந்த கபொனாத்தாவும் அவருக்குப் பிடிக்கும். உனக்கு மீன் வேண்டுமென்றால் திங்கட்கிழமை வாங்காதே, ஞாயிறு வள்ளங்கள் போவது குறைவு.

பல்லாரோச் சந்தைக்கு ஒன்பது பத்து மணிக்குப் போ, பகல் இரண்டுக்குப் பிறகு தெருக் கழுவும் நேரம். நாகதாளிப் பழம் அப்போது நல்லாக இருக்கும். வெறுங்கையால் தொடாதே, கண்ணுக்குத் தெரியாத முள் நாலு நாள் நிற்கும். வியாபாரியே தோல் சீவித் தருவார். கைப்பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டிக்கொள், ஸ்கூட்டரில் வந்து இழுக்கிறவன் தெருப் பக்கத்தால்தான் வருவான். கோப்பிக் கடையில் முதலில் காசாளரிடம் கட்டிப் பற்றுச்சீட்டு எடுத்து, பிறகு மேடையில் காட்டி, நின்றபடியே குடி. மேசையில் இருந்தால் விலை ஏறும்.

மழை வந்தால் ஒரேயடியாகக் கொட்டி நிற்கும். தெருவில் பதித்த சாம்பல் கல் மனிதர் நடந்து நடந்து கண்ணாடியாகி இருக்கிறது, ஈரத்தில் தோல் அடிச் சப்பாத்து ஆகாது, ரப்பர் அடி வேண்டும். ஷிரோக்கோ என்று ஆபிரிக்கப் பக்கத்துச் சூட்டுக் காற்று அடித்தால் யன்னல் பலகைகளைச் சாத்திவிட்டு அன்றைய திட்டத்தைக் கைவிடு, இரண்டு மூன்று நாளில் அடங்கும். கடல் குழம்பினால் உஸ்திக்காத் தீவுக்கு வேகப் படகு ஓடாது. அந்தத் தீவை ஒருபோதும் கடைசி நாளில் வைக்காதே, அங்கேயே மாட்டுப்பட்டால் விமானம் போய்விடும். நடுவில் வை, படகு இல்லை என்றால் அன்றைக்கு ரயிலில் செஃபலூ என்கிற கடற்கரை ஊர், ஒரு மணித்தியாலத்துக்குள்தான். கடலில் குளிக்க மட்டும் என்றால் 806 பஸ்ஸில் மொந்தெல்லோ. கோடை முடிவில் கரை அகலமாகக் கிடைக்கும்.

வரும்போது சீஸ் வாங்கி வராதே. ஐரோப்பாவில் இருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டு வருவதற்கு பிரித்தானியா 2025 ஏப்ரலில் தடை போட்டது, கடையில் மூடி ஒட்டித் தந்ததையும் பறிப்பார்கள். காம்போடு கட்டி விற்கும் காய்ந்த ஒரெகானோ இரண்டு கட்டும், உப்பில் போட்ட கேப்பர் மொட்டில் கால் கிலோவும் கொண்டு வந்தால் போதும். கேப்பர் உப்பில் போட்டதாகவே பார்த்து வாங்கு, வினாகிரிப் போத்தல் கைப்பையில் ஏறாது. சமைக்க முதல் இரண்டு தண்ணீரில் கழுவி அரை மணித்தியாலம் ஊறவிடு.

அன்புடன்,
அப்பா