லிங்கன் நகரத்துப் புவி அறிவியல் துறைக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும், ஆய்வுக்கூட ஊழியர்களுக்கும், நெப்ராஸ்கா விவசாயிகளுக்கும், துறைக்காகக் குரல் கொடுத்த அனைவருக்கும்

வணக்கம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தின் புவி மற்றும் வளிமண்டல அறிவியல் துறையை மூடுவதற்கு அதன் ஆட்சிக்குழு 2025 டிசம்பர் 5 அன்று ஒப்புதல் அளித்தது. 2 கோடியே 75 லட்சம் டாலர் பற்றாக்குறையை ஈடுகட்டுவதற்காகச் செப்டம்பரில் முன்வைக்கப்பட்ட திட்டத்தில் ஆறு துறைகளின் பெயர்கள் இருந்தன. கடைசியில் புள்ளியியல், கல்வி நிர்வாகம், ஆடை வடிவமைப்பு ஆகியவற்றோடு எங்கள் துறையும் நீக்கப்படுகிறது. முடிவின் நியாயத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேச வேண்டிய இடத்தில் பேசிவிட்டார்கள். அங்கே படித்துத் திரும்பி, இன்று திருச்சியில் நிலத்தடி நீர்ப் பணியில் இருக்கும் நான் இந்த மடலை எழுதுவது, துறை இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய நன்றியை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்பதற்காக.

முதல் நன்றி, பட்டமளிப்பு விழா மேடையில் ஒருநாளும் ஏறாத ஒருவருக்கு. பாறை அறுக்கும் கூடத்தில் பணியாற்றிய அந்தப் பெரியவர், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய பாறைத் துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை எப்படித் தேய்ப்பது என்று எனக்குக் கற்றுத் தந்தார். அந்தத் தடிமனை அளக்க அவர் எந்தக் கருவியையும் தேடவில்லை. தகட்டை நுண்ணோக்கியில் வைத்துக் குவார்ட்சு என்ற கனிமத்தின் மணிகளுடைய நிறத்தைப் பார்க்கச் சொல்வார். மஞ்சள் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும், வெளிர் சாம்பலுக்கு வந்துவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். நான் நிறுத்தத் தெரியாமல் நான்கு தகடுகளைத் தேய்த்தே அழித்தேன். ஐந்தாவதற்கு அவர் ஒன்றும் சொல்லாமல் அதே பாறையிலிருந்து இன்னொரு துண்டை அறுத்து என் கையில் கொடுத்தார். ஐயா, அந்தப் பொறுமையை நான் வேறு எந்த வகுப்பறையிலும் பார்த்ததில்லை.

அடுத்து, தங்கள் கிணறுகளைத் திறந்து காட்டிய விவசாயிகளுக்கு. கொள்ளிடக் கரையில் வளர்ந்த எனக்குக் கிணறு என்றால் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிய வேண்டும். அங்கே தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய்தான் கிணறு. எட்டு மாநிலங்களின் அடியில் ஏறத்தாழ 4,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் நீர்ப்படுகையின் பெரும் பகுதிக்கு ஒகலாலா என்று பெயர். அந்தப் பெயரே நெப்ராஸ்காவின் ஓர் ஊருடையது. பாசனம் தொடங்குவதற்கு முந்தைய வசந்த கால வாரங்களில், முகத்தில் அறையும் காற்றில் நின்றுகொண்டு, எஃகு நாடாவின் நுனியில் நீலச் சுண்ணத்தூளைத் தேய்த்துக் குழாய்க்குள் இறக்குவோம். மேலே இழுத்ததும், தூள் நனைந்து நிறம் மாறியிருக்கும் கோட்டைப் பார்த்து, இறக்கிய நீளத்திலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைக்கும். முதல் அளவை நம்பாமல் மறுபடியும் ஒருமுறை இறக்குவோம். நாயைக் கட்டிவைத்துவிட்டு, குடுவையில் காப்பியுடன் வேலியருகே காத்திருந்த முதியவர் ஒருவர், எண்ணைச் சொன்னதும் தம் சட்டைப்பையிலிருந்த சிறு நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டில் அவருடைய தந்தையார் கையெழுத்தில் எழுதிய அளவுகளும் இருந்தன. என் ஆய்வேட்டின் பல பக்கங்கள் அந்தக் குடும்பத்திற்குக் கடன்பட்டவை.

நெப்ராஸ்காவின் வடகிழக்கில், ராயல் என்ற சிற்றூருக்கு அருகே சாம்பல் படிந்த ஒரு நிலம் இருக்கிறது. 1971இல் தொல்லுயிரியலாளர் மைக்கேல் வூரீஸ், மழை அரித்த ஓடையின் கரையில் ஒரு காண்டாமிருகக் குட்டியின் மண்டையோடு வெளியே தெரிவதைக் கண்டார். ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இடாஹோ பகுதியின் எரிமலை ஒன்று கக்கிய சாம்பல் காற்றோடு வந்து, அங்கிருந்த நீர்நிலையைச் சுற்றி மேய்ந்த விலங்குகளின் நுரையீரலை அடைத்திருக்கிறது. காண்டாமிருகங்கள், குதிரைகள், ஒட்டகங்கள் எல்லாம் விழுந்த இடத்திலேயே முழு எலும்புக்கூடாகக் கிடக்கின்றன; சிலவற்றின் வாயில், கடைசியாக மேய்ந்த புல்லின் விதைகளும் உண்டு. தாயை ஒட்டிக் கிடந்த குட்டியைத் தூரிகையால் சுத்தம் செய்துகொண்டிருந்த இளம் மாணவி ஒருவர், மொழி தடுமாறிய எனக்காக ஒவ்வொரு எலும்பையும் விரலால் தொட்டுக் காட்டி இரண்டு மணி நேரம் விளக்கினார். அன்றுதான் நான் இந்தப் படிப்பிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் எங்கிருந்தாலும் இந்த மடல் அவரைச் சென்றடையட்டும்.

துறை அலுவலகத்தில் இருந்த அம்மையாரை மறக்க முடியாது. லிங்கனுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சட்டையோடு நான் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, மறுநாள் தம் மகனுடைய கனத்த மேலங்கியைக் கொண்டுவந்து என் நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். பிற்பாடு அதை என்னிடம் அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

மூடும் திட்டம் வெளியானதும் விசாரணைக் கூட்டங்களுக்குச் சென்று பேசியவர்களுக்கும், கடிதம் எழுதியவர்களுக்கும், கையெழுத்துத் திரட்டிய மாணவர்களுக்கும் தலைவணங்குகிறேன். டொர்னேடோ எனப்படும் சுழல்காற்றுகள் அடிக்கடி தரையிறங்கும், பாசனத்தின் பெரும் பங்கு நிலத்தடி நீரை நம்பியிருக்கும் ஒரு மாநிலத்திற்கு வானத்தையும் மண்ணையும் படித்தவர்கள் ஏன் வேண்டும் என்பதை நீங்கள் தெளிவாக எடுத்துச் சொன்னீர்கள். நான் கேட்ட ஒரே காரணத்துக்காக, தாம் பார்த்தே இராத அந்தத் துறைக்கு ஆதரவாக இரவோடு இரவாகக் கடிதம் எழுதி அனுப்பிய சென்னை, திருச்சி, யாழ்ப்பாண நண்பர்களே, உங்கள் அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்! முடிவு மாறவில்லை என்பதால் அந்த உழைப்பு வீண் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அந்த வாரங்களில் அங்கிருந்த மாணவர்கள் தனித்து விடப்படவில்லை.

தம் பணி முடியப்போவது தெரிந்த பிறகும் அடுத்த நாள் காலை வகுப்புக்குச் சென்று, பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கிய ஆசிரியர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று பல நாள் யோசித்தேன். என் நெறியாளர் தொலைபேசியில் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், படிப்பின் நடுவில் நிற்கும் மாணவர்களுக்கு வேறு இடங்களில் யாரிடம் கேட்கலாம் என்று மட்டுமே பேசினார். அவர் கேட்ட பெயர்களை அனுப்பிவிட்டேன்.

என்னிடம் மூன்று களக் குறிப்பேடுகள் இருக்கின்றன. அவற்றில் அந்த விவசாயிகளின் கிணறுகளில் நான் எடுத்த அளவுகள் நாள், நேரத்தோடு இருக்கின்றன. ஒவ்வொரு கிணற்றுக்கும் உரிய பக்கங்களைப் படியெடுத்து, அந்தந்தக் குடும்பத்தின் முகவரிக்குத் தபாலில் அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். அந்த முதியவரின் சிறு நோட்டுக்குரிய பக்கங்கள் முதல் உறையில் சென்றன.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் பழைய மாணவன்
திருச்சிராப்பள்ளி